வெள்ளிக்கிழமை அரைநாள்

எலியாஸ் பகலில் வீட்டில் இருந்தது முதலில் யூ.கே.ஜி. பிள்ளைகளுக்குத்தான் வேடிக்கையாகப் போயிற்று. கீழே பள்ளிக்கூடம், மேலே வீடு. மாடிப்படி பிள்ளைகள் விளையாடுகிற இடத்துக்குள்தான் இறங்கும். காலையில் அவர்கள் வருவதற்கு முன்னாலேயே ஷூ கம்பெனி பஸ் ஏறி, இருட்டின பிறகு வந்து இறங்குகிற ஆளை அந்தப் பிள்ளைகள் பார்த்ததே இல்லை. லுங்கியும் பனியனுமாக, கையில் டீ தம்ளரோடு படியில் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்து ஒரு வாண்டு, "மிஸ், யாரோ தாத்தா வந்துகீறாரு" என்று கத்திற்று.

வகுப்பு முழுக்கச் சிரித்தது. போர்டில் எழுதிக்கொண்டிருந்த ரோஸ் திரும்பவில்லை. எலியாஸ் தம்ளரை எடுத்துக்கொண்டு மேலே போகிற சத்தம் கேட்டது.

கம்பெனியில் ஆர்டர் நின்றுவிட்டது. அமெரிக்காக்காரன் வரி ஏற்றிவிட்டான், ஷூ வாங்குகிறவன் கையை விரிக்கிறான் என்று ஆம்பூர் டீக்கடைகளில் எல்லாம் அதே பேச்சு. மூன்று லைனில் இரண்டை நிறுத்தினார்கள். எலியாஸ் நின்றுபோன லைனின் சூப்பர்வைசர். "ஆர்டர் வந்ததும் நாங்களே கூப்பிடறோம் எலியாஸ்" என்று எச்.ஆர். பையன் சொல்லி அனுப்பினான். அந்தப் பையனுக்கு வேலை கற்றுக்கொடுத்ததே தான்தான் என்று எலியாஸ் ஒவ்வொரு வேளை சாப்பாட்டின்போதும் சொன்னார்.

முதலில் தூங்கினார். பிறகு ஆட்டம் கண்ட பெஞ்சுகளுக்கு ஆணி அடித்தார். ஒழுகிய குழாய்க்கு வாஷர் போட்டார். அதெல்லாம் முடிந்த பிறகு, பேண்ட் சட்டை போட்டு, ஷூ மாட்டி, ஒன்பது மணிக்கு பள்ளிக்கூட கேட்டில் வந்து நின்றார். டீச்சர்கள் "குட் மார்னிங் சார்" என்றார்கள். அன்று மதியம் அவர் இரண்டாம் முறை சோறு வாங்கிச் சாப்பிட்டார். ரோஸுக்கு வயிறு நிறைந்தது.

அந்தப் பள்ளிக்கூடம் ரோஸும் வஹீதாவும் சேர்ந்து ஆரம்பித்தது. இரண்டு பேரும் ஒரு மெட்ரிக் பள்ளியில் வேலை பார்த்து, ஒரே நாளில் வேலையை விட்டு வந்தவர்கள். எலியாஸின் அப்பா, தோல் பதனிடுகிற ஷாப்பில் மேஸ்திரியாக இருந்தவர், கட்டின வீட்டின் கீழ்ப்பகுதியில் எல்.கே.ஜி.யை மட்டும் வைத்துத் தொடங்கினார்கள். இப்போது ஐந்தாவது வரைக்கும் இருந்தது. காகிதத்தில் ரோஸ் தலைமையாசிரியை, வஹீதா தாளாளர். பேச்சில் இரண்டு பேருமே மிஸ்தான்.

பாடம், பரீட்சை, டீச்சர்களுக்குப் பயிற்சி எல்லாம் ரோஸ். அட்மிஷன், ஃபீஸ், வேன், சம்பளம், அங்கீகாரம் புதுப்பிக்கத் திருப்பத்தூருக்கு அலைவது எல்லாம் வஹீதா. காலையில் வந்ததும் புர்காவைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, "இன்னிக்கி யாரு பேஜார் பண்ணப் போறாங்களோ, வரச் சொல்லு" என்பாள். அவள் குரலுக்கு வேன் டிரைவரும் பயப்படுவான், வட்டாரக் கல்வி அலுவலரான பி.இ.ஓ.வின் ஆபீஸ் கிளார்க்கும் பயப்படுவான். ரோஸ் குரல் மூன்றாவது பெஞ்சைத் தாண்டாது. ஆனால் கூட்டல் கழித்தல் வராத பிள்ளை அவளிடம் இரண்டு மாதம் உட்கார்ந்தால் வந்துவிடும் என்று தெருவில் பேர்.

இருவருக்கும் ஒரு வழக்கம் இருந்தது. பெற்றோர் யார் வந்து எதைக் கேட்டாலும் அன்றைக்கே பதில் கிடையாது. "நாளைக்குச் சொல்றோம்" என்றுதான் சொல்வார்கள். சாயங்காலம் பிள்ளைகள் போன பிறகு, மூலைக்கடை சமோசாவும் டீயும் வாங்கி வைத்துக்கொண்டு, யூ.கே.ஜி. பெஞ்சில் முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்து பேசுவார்கள். சில நாள் பேச்சு. பல நாள் சண்டை. வலிப்பு வருகிற ஒரு பிள்ளையைச் சேர்ப்பதா வேண்டாமா என்று ஒரு வாரம் முகம் கொடுக்காமல் சண்டை போட்டார்கள். அந்தத் தாய் ஒரு வாரமும் காத்திருந்தாள். கடைசியில் சேர்த்தார்கள்.

வெளியே போவது ஒரே பதில். அதை யார் வாயால் சொன்னால் எடுபடும் என்பதும் அந்த பெஞ்சிலேயே முடிவாகும். சர்ச் தெருக்காரர்களுக்கும் காலனிக்காரர்களுக்கும் கசப்பானதைச் சொல்ல வேண்டுமென்றால் ரோஸ் சொல்வாள். மசூதித் தெருக்காரர்களுக்கு வஹீதா. தெரிந்தவள் திட்டினால் ஜனம் தாங்கிக்கொள்ளும் என்பது வஹீதாவின் கணக்கு.

இந்தப் பள்ளிக்கு வெள்ளிக்கிழமை அரைநாள். ஆரம்பிக்கும்போது சுற்றியிருந்த தோல் ஷாப்புகளுக்கெல்லாம் வெள்ளிக்கிழமைதான் லீவு. தொழுகை முடிந்து அப்பாக்கள் வீட்டில் இருப்பார்கள். ஆகவே வெள்ளி அரைநாள், அதை ஈடுகட்டச் சனி அரைநாள், ஞாயிறு சர்ச்சுக்காக முழு லீவு. அது இரண்டு பேரும் போட்ட முதல் ஒப்பந்தம்.

"வஹீ, அவர் சும்மா இருக்க முடியாம தவிக்கிறாருடி" என்று ரோஸ் ஒருநாள் சாயங்காலம் பெஞ்சில் உட்கார்ந்து சொன்னாள். "ஏதாவது ஒரு பொறுப்பு குடுத்தா பரவால்ல."

வஹீதா சமோசாவின் மூக்கைக் கிள்ளி ஊதினாள். "வேனை அண்ணன்கிட்ட குடுத்துடறேன். அந்த டிரைவர் மூஞ்சியப் பாத்துப் பாத்து எனக்கு பி.பி. ஏறுது. எனக்கும் ஒரு தொல்ல கம்மி."

"உனக்கு ஒண்ணும் இல்லையே?"

"எனக்கின்னா? அண்ணன் வேனை ஓட்டட்டும், கப்பலை ஓட்டட்டும். மேத்ஸ் கிளாஸ் மட்டும் எடுக்க வேணாம்னு சொல்லு."

வேன் ஒழுங்காக ஓடியது. அதை யாரும் மறுக்க முடியாது. எலியாஸ் எந்த முனையில் எத்தனை மணிக்கு யார் ஏற வேண்டும் என்று அட்டவணை போட்டார். பிறகு மணி அடிப்பது அவர் கைக்கு வந்தது. பிறகு டீச்சர்களை வகுப்புக்கு முன்னால் வராந்தாவில் வரிசையாக நிற்க வைத்து, "இன்னைக்கி டார்கெட் இன்னா?" என்று கேட்கத் தொடங்கினார். இரண்டாம் வகுப்பு டீச்சர் விழித்தாள். "ஏழாம் வாய்ப்பாடு சார்" என்றாள். "எப்ப முடியும்?" என்றார். "அது பசங்களப் பொறுத்தது சார்." "பசங்களப் பொறுத்ததுன்னா லைன் ஓடாது. லஞ்சுக்குள்ள முடிக்கணும்."

வஹீதா ரோஸின் காதருகில் குனிந்தாள். "ரோஸு, உன் வீட்டுக்காரரு பசங்களை பசை தடவி ஷூ அச்சுல ஏத்தப் போறாரு. பாத்துக்கோ."

இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். எலியாஸ் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையை ரோஸ் கண்டாள். லைன் நின்ற அன்று சாப்பாட்டுப் பையோடு படியேறி வந்தபோதும் அவர் முகம் அப்படித்தான் இருந்தது. அதற்குப் பிறகு வஹீதா கிண்டல் செய்தால் ரோஸ் சிரிக்கவில்லை. வஹீதாவும் அதைக் கண்டுகொண்டாள். கிண்டல் நின்றது.

ஒரு டீச்சர் வஹீதாவிடம் லீவு வாங்கிக்கொண்டு போனாள். "என்கிட்ட ஏன் சொல்லல?" என்று எலியாஸ் அவளை மறுநாள் வாசலில் நிறுத்திக் கேட்டார். வஹீதா உள்ளிருந்து வந்து, "நான்தான் அண்ணா குடுத்தேன்" என்றாள். "கேட்ல இருக்கறவனுக்குத் தெரிய வேணாமா மேடம்?" என்றார் அவர். அதுவரைக்கும் அவர் அவளை வஹீதாம்மா என்றுதான் கூப்பிட்டிருந்தார்.

அன்று சாயங்காலம் வஹீதா டீயைக் குடிக்காமல் தம்ளரைச் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

"கொஞ்ச நாள்தானேடி" என்றாள் ரோஸ். "கம்பெனியில கூப்பிட்டுட்டா போயிடுவாரு."

"கூப்பிடலைன்னா?"

வேலூர் பாகாயத்தில் நர்சிங் படிக்கிற மகள் ஜெனிஃபாவும் முந்தின ஞாயிறு போனில் இப்படித்தான் மடக்கினாள். "அப்பா இப்ப இன்னா பண்றாரும்மா?" "ஸ்கூலைப் பாத்துக்கறாரு." "அப்ப வஹீதா ஆன்ட்டி?" நெட்வொர்க் சரியில்லை என்று ரோஸ் போனை வைத்துவிட்டாள்.

அம்பிகா இன்னொரு ஷூ கம்பெனியில் தையல் செக்ஷன். அவள் வேலை பார்க்கிற கம்பெனியில் ஆர்டர் குறையவில்லை, ஓவர்டைமே இருந்தது. புருஷன் பெங்களூரில் கட்டட வேலை. மகள் பூங்குழலி இரண்டாவது படித்தாள். அம்பிகா இரண்டு மாதமாக ஒரே விஷயத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு புதன்கிழமை காலை, கம்பெனி பஸ்ஸுக்கு ஓடுகிற ஓட்டத்தில், கழுத்தில் அடையாள அட்டை ஆட, கேட்டில் நின்ற எலியாஸிடம் அதையே கேட்டாள்.

"சார், வெள்ளிக்கிழம பன்னண்டு மணிக்கே வுட்டுடறீங்க. நான் மிஷின்ல குந்திகினு கீறேன். அது வூட்டாண்ட தனியா கீது. போன வாரம் பாலாத்துல எறங்கி வெளையாடிகினு இருந்திருக்குது சார். மண்ணு அள்ளுன பள்ளத்துல தண்ணி நிக்குது. பக்கத்து வூட்டுக்காரங்க பாத்து இஸ்துகினு வந்தாங்க. எனக்கு லைன்ல கை ஓடமாட்டேங்குது."

"இதுக்கா இவ்ளோ நாளா அலையிறே?" என்றார் எலியாஸ். "வர்ற வாரத்துலேர்ந்து வெள்ளிக்கிழமை ஃபுல் டே. போ, பஸ்ஸைப் புடி."

அம்பிகா நின்றுவிட்டாள். "நெஜமாவா சார்? மிஸ்ஸுங்க நாளைக்கி சொல்றோம், நாளைக்கி சொல்றோம்னுகினே கீறாங்க."

"மிஸ்ஸுங்ககிட்ட நான் சொல்லிக்கிறேன். நீ போ."

அவள் அவரைக் கும்பிட்டுவிட்டு ஓடினாள். ஆர்டர் நின்றதிலிருந்து எலியாஸை யாரும் கும்பிடவில்லை. அந்தச் சூட்டோடு போனை எடுத்து, பெற்றோர் வாட்ஸப் குரூப்பில், வரும் வாரம் முதல் வெள்ளிக்கிழமை முழுநாள் பள்ளி நடைபெறும், மாற்றம் இல்லை, நிர்வாகம் என்று போட்டார்.

ரோஸ் அதைப் பார்த்தபோது சாயங்காலம் ஆகியிருந்தது. வஹீதா அன்று திருப்பத்தூருக்குப் போயிருந்தாள், கட்டடச் சான்றிதழ் வேலையாக. ரோஸ் அடுப்பில் களி கிண்டிக்கொண்டிருந்தாள். போனைப் பார்த்து, துடுப்பை அப்படியே விட்டுவிட்டாள். அடிப்பிடித்த வாடை கூடத்துக்கு வந்தது.

"இன்னா, அடி புடிக்குது" என்றார் எலியாஸ்.

"இது இன்னா?"

"இன்னா இன்னா?"

"யாரைக் கேட்டு இதைப் போட்டீங்க?"

எலியாஸ் டி.வி. சத்தத்தைக் குறைத்தார். "அந்தப் பொண்ணு கேட்டது நியாயமா இல்லையா, அதைச் சொல்லு."

"நியாயம்தான்."

"அப்புறம் இன்னா?"

"நாங்க பேசிகினு இருந்தோம். வஹீதாவே ஒத்துக்கிட்டா. தொழுகைக்குப் போற பசங்க போயிட்டு வரட்டும், மத்த பசங்களை வெச்சுக்கலாம்னு அவதான் சொன்னா. அவங்க தெருவுல நாலு வீட்ல பேசிட்டுச் சொல்றேன், ரெண்டு வாரம் குடுன்னா."

"ரெண்டு மாசமா பேசிகினுதான் இருக்கீங்க. கொழந்த ஆத்துல விழுந்ததுக்கு அப்புறம் சொல்லுவீங்களா? ஒரு ஷூவுல தையல் பிரிஞ்சா லைனை நிறுத்தி அங்கேயே முடிவு எடுக்கணும். நாளைக்கிச் சொல்றேன்னு வெச்சா ஆயிரம் ஜோடி வீணாப் போயிடும்."

"இது ஷூ இல்ல."

"தெரியும். நான் ஷூக்காரன்தான், அதைத்தானே சொல்ல வர்றே?"

"நான் அப்படிச் சொல்லல."

"உங்க ரெண்டு பேருக்கும் என்னைப் பாத்தா சிரிப்பு. எங்கப்பா கட்டின வீட்ல நின்னுகினு, வராந்தாவுல நின்னு வாயைப் பொத்திகினு சிரிக்கிறீங்க. நான் பாக்கலைன்னு நெனச்சியா?" அவர் குரல் உடைந்தது. அவர் குரல் உடைந்து ரோஸ் கேட்டதில்லை. "இன்னைக்கி ஒரு பொண்ணு என்னைக் கும்பிட்டுட்டுப் போனா, ரோஸ். அதை நாளைக்கிப் போயி, நான் சொன்னது இல்லன்னு சொல்லச் சொல்றியா?"

ரோஸ் அடிப்பிடித்த களியை மேலாக எடுத்து உருட்டி அவர் தட்டில் வைத்தாள். கருவாட்டுக் குழம்பை ஊற்றினாள். அவர் சாப்பிடவில்லை. வஹீதாவுக்குப் போன் பண்ணலாமா என்று இரண்டு முறை எடுத்தாள். எடுத்து என்ன சொல்வது? அவர் என்னைக் கேட்காமல் செய்துவிட்டார் என்றால், புருஷனை விட்டுக்கொடுத்த மாதிரி. என்னைக் கேட்டுத்தான் செய்தார் என்றால் வஹீதாவை விட்டுக்கொடுத்த மாதிரி. காலையில் நேரில் பார்த்துச் சொல்லிக்கொள்ளலாம் என்று போனை வைத்தாள். பன்னிரண்டு வருஷமாகப் பதிலை மறுநாளைக்குத் தள்ளிவைத்தே பழகின கை.

மறுநாள் காலை வஹீதா புர்காவைக் கழற்றவில்லை. வராந்தாவில் டீச்சர்கள் வரிசையில் நின்றிருந்தார்கள். எலியாஸ் டார்கெட் கேட்டுக்கொண்டிருந்தார். வஹீதா நேராக ரோஸிடம் வந்தாள்.

"நேத்து நான் திருப்பத்தூர் பஸ்ஸுல நின்னுகினு வர்றேன். ஜஹீருன்னிசா போன் பண்றா. அவ மூணு பசங்களும் நம்ம ஸ்கூல்தான், உனக்கே தெரியும். 'உன் தோஸ்த்து வெள்ளிக்கிழம ஜும்மாவ எடுத்துட்டா, நீ இன்னா பாத்துகினு நிக்கிறே'ன்னு கேக்கறா. வீட்டுக்கு வந்தா எட்டு பேரு உக்காந்துகினு இருக்காங்க."

"வஹீ, உள்ள வா, பேசலாம்."

"பேசலாம். ஒண்ணே ஒண்ணு சொல்லு. இது உனக்குத் தெரியுமா?"

டீச்சர்கள் தரையைப் பார்த்தார்கள். எலியாஸ் கையில் மணியோடு நின்றார்.

வஹீதா குரலைத் தாழ்த்தினாள். "தெரியாதுன்னு சொல்லு போதும். அவசரப்பட்டுப் போட்டுட்டாருன்னு நான் எங்க ஜனத்துகிட்ட சொல்லிக்கிறேன். ரெண்டு நாள்ல சரி பண்ணிடுவேன். ஃபுல் டே வெக்கிறதையே நான் என் வாயால சொல்றேன், அப்ப யாரும் பேசமாட்டாங்க. நீ ஒரு வார்த்தை சொல்லு."

வஹீதா சொல்வது அத்தனையும் சரி என்று ரோஸுக்குத் தெரிந்தது. எலியாஸ் மனசில் மதம் எதுவும் இல்லை. தான் ஒரு ஆள் என்று காட்டிக்கொள்ள அவருக்கு ஒரு இடம் வேண்டியிருந்தது, கைக்குக் கிடைத்தது வெள்ளிக்கிழமை. ஊருக்கு அது புரியாது. வஹீதா சொன்னால் ஊர் கேட்கும். ஒரு வார்த்தைதான். அவள் எலியாஸைப் பார்த்தாள். காலர் பட்டன் வரை போட்டிருந்தார். சவரம் செய்த இடத்தில் சின்னதாக ரத்தக்கீறல். மணி சத்தம் போடாதபடி அதன் நாக்கை விரலால் பிடித்திருந்தார்.

"தெரியும்" என்றாள் ரோஸ். "நானும் அவரும் பேசித்தான் போட்டோம்."

வஹீதா அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு, "சரி" என்றாள். அவ்வளவுதான். சண்டைக்கு வருவாள் என்று ரோஸ் காத்திருந்தாள். அவள் ஆபீஸ் அறைக்குள் போய், கட்டடச் சான்றிதழை மேஜை மேல் வைத்து, பறக்காமல் இருக்க அதன்மேல் பேப்பர் வெயிட் வைத்தாள். டிராயர் சாவியைப் பக்கத்தில் வைத்தாள். வாசலில் எலியாஸிடம், "வர்றேண்ணா" என்று சொல்லிக்கொண்டுதான் போனாள்.

எலியாஸ் மணி அடித்தார். அன்று கொஞ்சம் அதிகமாகவே அடித்தார்.

அதற்கப்புறம் நடந்தது எல்லாம் மெதுவாக நடந்தது. வெள்ளிக்கிழமை முழுநாள் ஆயிற்று. மசூதித் தெருப் பிள்ளைகள் முதல் வாரம் மதியத் தொழுகைக்குப் போய்த் திரும்பவில்லை. ஜஹீருன்னிசா வந்து மூன்று பிள்ளைகளுக்கும் டி.சி. கேட்டாள். "வஹீதா ஒண்ணும் சொல்லல மிஸ். அவ எங்ககிட்ட ஒரு வார்த்தகூட பேசல. அதான் எங்களுக்கு பயமா இருக்குது" என்றாள். அவளைத் தொடர்ந்து மற்றவர்கள் வந்தார்கள். முகத்துக்கு நேராக யாரும் கோபமாகப் பேசவில்லை. வீடு மாற்றுகிறோம், தூரமாக இருக்கிறது, மாமியார் வீட்டுப் பக்கம் சேர்க்கிறோம் என்று ஆளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். எலியாஸ் ஒவ்வொருவருக்கும் அங்கேயே ரோஸிடம் கையெழுத்து வாங்கி, டி.சி.யைக் கொடுத்து அனுப்பினார். உருது தெரிந்த ஒரே டீச்சரும் வேலையிலிருந்து நின்றுகொண்டாள்.

சர்ச்சில் ஒரு அம்மாள் ரோஸின் கையைப் பிடித்து, "தைரியமா பண்ணிட்டேம்மா. நம்ம ஸ்கூலை நம்மளே வெச்சுக்கணும்" என்றாள். ரோஸ் கையை உருவிக்கொண்டாள். மசூதித் தெருவின் கோபத்தை விட அதுதான் அவளை அதிகம் சுட்டது. வெளியே எங்கே போனாலும் அவள் செய்யாத ஒரு காரியத்துக்கு ஒரு பக்கம் கசப்பும் இன்னொரு பக்கம் பாராட்டும் கிடைத்தது. புருஷன் முகத்துக்காகச் செய்தேன் என்று இரண்டு பக்கத்திலும் சொல்ல முடியவில்லை.

"வேன்ல பாதி சீட்டு காலி" என்று ஒருநாள் அவளே சொன்னாள்.

"புது அட்மிஷன் வரும்" என்றார் எலியாஸ். "வர்றவன் வர்றான், போறவன் போறான். லைன்ல ஆளு மாறிகினுதான் இருக்கும்."

வஹீதா செய்துவந்த வேலைகள் எலியாஸுக்கு வரவில்லை. மணி அடிப்பதும் வேன் பார்ப்பதும் போல் இல்லை அது. பி.இ.ஓ. ஆபீஸ் கிளார்க்கிடம் சூப்பர்வைசர் குரலில் பேசினார், அவன் ஃபைலைத் தூக்கி அடியில் வைத்துவிட்டான். ஃபீஸ் கட்டாதவர்களை வாசலில் நிறுத்தினார். வஹீதா யாரை நெருக்குவது, யாருக்கு மாசியில் கடலை பிடுங்கின பிறகு பணம் வரும் என்று வீடு வீடாகத் தெரிந்து வைத்திருந்தாள். சாயங்காலத்தில் ரோஸ் பாடக் குறிப்பை மூடிவிட்டு அந்த வேலைகளையும் செய்தாள். யூ.கே.ஜி. பெஞ்சில் யாரும் உட்காரவில்லை. சமோசாக் கடைக்காரர், "இன்னா மிஸ், உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார்.

அரையாண்டுப் பரீட்சை நடக்கும்போது கம்பெனியிலிருந்து போன் வந்தது. வேறு தேசத்து ஆர்டர் கிடைத்துவிட்டது, திங்கள்கிழமை லைன் ஓடுகிறது என்றான் அந்த எச்.ஆர். பையன். எலியாஸ் போனை வைத்துவிட்டுப் படியில் இரண்டிரண்டாக ஏறினார். பீரோவிலிருந்து கம்பெனி கோட்டை எடுத்து உதறினார். ஜெனிஃபாவுக்குப் போன் போட்டு, "அப்பா இல்லாம அங்க ஒண்ணும் ஓடலையாம்" என்று சிரித்தார். ரோஸ் அவர் அப்படிச் சிரித்து வெகுகாலம் ஆயிற்று என்று நினைத்தாள். சந்தோஷப்பட வேண்டும் என்று நினைத்தாள். நெஞ்சில் எதுவும் அசையவில்லை.

திங்கள் காலை அவள் கட்டிக்கொடுத்த சாப்பாட்டுப் பையை வாங்கிக்கொண்டு, படியில் நின்று ஷூவுக்கு லேஸ் கட்டினார்.

"ஸ்கூலு?" என்றாள் ரோஸ்.

"ஸ்கூலுக்கு இன்னா? நீ இருக்கியே."

"நான் ஒரு ஆளு எப்படிப் பாக்கறது?"

"இதுக்கு முன்னாடி நானா பாத்தேன்? நீங்களேதானே பாத்துகினு இருந்தீங்க" என்றார். பஸ் ஹாரன் கேட்டது. "வஹீதாம்மாவ வேணா கூப்பிட்டுக்கோ. எனக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்ல." லேஸை இறுக்கிவிட்டு ஓடினார்.

அந்த வாரமே ரோஸ் வஹீதா வீட்டுக்குப் போனாள். பரீட்சை நாள் ஆனதால் மதியத்தோடு பள்ளி முடிந்திருந்தது. தெருவில் வெயில் ஏறி, தோல் ஷாப் வாடை காற்றில் நின்றது. வஹீதாவின் கணவர் குர்ஷித் கெமிக்கல் கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். "வாங்க மிஸ்" என்று வழிவிட்டு, உள்ளே பார்த்துக் குரல் கொடுத்துவிட்டுப் போனார்.

ரோஸ் அந்த வீட்டில் ஒருநாளும் ஹாலில் உட்கார்ந்ததில்லை. செருப்பைக் கழற்றினால் நேராகச் சமையலறைதான். வெங்காயம் வெட்டிக்கொண்டே பேசுவாள், அல்லது வஹீதா வறுக்கிற சட்டியிலிருந்து எடுத்துத் தின்பாள். அன்று வஹீதா ஹாலுக்கு வந்து சோபாவைக் காட்டினாள். ஃபேனைப் போட்டாள். ரோஸ் உட்கார்ந்தாள். சோபாவில் பிளாஸ்டிக் உறை போட்டிருந்தார்கள் என்பதே அவளுக்கு அன்றுதான் தெரிந்தது.

வஹீதா உள்ளே போய் தட்டில் பீங்கான் கப்பும், பிஸ்கட்டும், தனியாக ஒரு கிண்ணத்தில் சர்க்கரையும் வைத்துக் கொண்டு வந்தாள். ரோஸ் எத்தனை ஸ்பூன் போடுவாள் என்று அவளுக்குத் தெரியாதா.

"ஜெனிஃபா எப்படி இருக்குது?" என்றாள் வஹீதா.

"நல்லாயிருக்கா. உன்னைக் கேட்டா."

"பரீட்சையெல்லாம் முடிஞ்சிதா?"

"நாளைக்கு முடியுது." ரோஸ் கப்பை எடுக்கவில்லை. "அவருக்கு வேலை கிடைச்சிடுச்சு வஹீ. திங்கக்கிழமையிலேர்ந்து போறாரு."

"கேள்விப்பட்டேன். சந்தோஷம்."

"நீ வந்துடு."

வஹீதா பிஸ்கட் தட்டை அவள் பக்கம் நகர்த்தினாள். "இவரு கடைக் கணக்கு நான்தான் பாக்கறேன் இப்ப. மதியத்துல அங்க போயிடறேன்."

"உன் ஸ்கூலுடி அது."

"அவங்க அப்பா கட்டின வீடு."

ரோஸுக்கு முகம் சிவந்தது. அவர் சொன்ன வார்த்தை இங்கே எப்படி வந்தது என்று தெரியவில்லை. வராந்தாவில் யாரிடமாவது சொல்லியிருப்பார். "வஹீ, ஒண்ணு சொல்லணும். அன்னைக்கி நான் சொன்னது பொய். எனக்குத் தெரியாது. போன்ல பாத்துதான் எனக்கே தெரியும். எல்லார் முன்னாடியும் அவரை..."

"தெரியும்" என்றாள் வஹீதா.

"இன்னா தெரியும்?"

"பொய்னு தெரியும். உன் மூஞ்சி எனக்குத் தெரியாதா? நீ வாயத் தொறக்கறதுக்கு முன்னாடியே தெரிஞ்சிடுச்சு."

"தெரிஞ்சுமா போனே?"

"அதனாலதான் போனேன். நீ நெஜமாவே என்னைக் கேக்காம முடிவு பண்ணியிருந்தேன்னு வெச்சுக்கோ, நான் உன்னை வுட்டிருப்பேனா? தலமுடியப் புடிச்சு சண்ட போட்டிருப்பேன். ஒரு வாரம் பேசாம இருந்திருப்பேன். அப்புறம் வந்து உக்காந்திருப்பேன். எவ்ளோ சண்ட போட்டிருக்கோம்." அவள் குரல் உயரவில்லை. அதுதான் ரோஸுக்குத் தாங்கவில்லை. "ஆனா நீ தெரிஞ்சே என்னைத் தூக்கிக் குடுத்தே. எங்க ஜனத்துக்கு முன்னாடி நான் இன்னா ஆவேன்னு உனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் குடுத்தே. அவருக்கு நான் குறுக்க நின்னேன். இப்ப அவருக்கு வேலை வந்துடுச்சு, நான் குறுக்க இல்ல. அதனால கூப்பிடறே."

"அப்படி இல்லடி."

"அவரு கேட்ல நின்னுகினு இருக்கறப்ப ஒருநாள் வந்திருக்கலாமே ரோஸு. தெரு முனைதானே."

டீயில் ஆடை படிந்துவிட்டது. ரோஸ் அதைக் குடித்தாள். சர்க்கரை போட மறந்திருந்தாள்.

வெளியே வாசலில் யாரோ பெண்கள் பேசிக்கொண்டு போனார்கள். அதில் ஜஹீருன்னிசாவின் குரலும் இருந்தது. வஹீதா எழுந்து, கதவை ஒருக்களித்துச் சாத்தினாள். ரோஸ் வந்திருப்பதை அவர்கள் பார்க்கக் கூடாதென்று. அது யாருக்காக என்று ரோஸ் கேட்கவில்லை.

ரோஸ் எழுந்தாள். பழக்கத்தில் காலிக் கப்பை எடுத்துக்கொண்டு, கழுவி வைக்கச் சமையலறைப் பக்கம் நடந்தாள். திரைச்சீலைக்குக் கிட்டே வஹீதா முன்னால் வந்து நின்று, அவள் கையிலிருந்து கப்பை வாங்கிக்கொண்டாள்.

"நீ விடு. நான் பாத்துக்கறேன்."

திரைக்கு அந்தப் பக்கம் எண்ணெய் காய்கிற வாசனை வந்தது. ரோஸ் செருப்பு கிடந்த வாசல் பக்கம் திரும்பினாள். பெண்களின் பேச்சு தெருக் கோடிக்குப் போய்ச் சேர்ந்த பிறகு, வஹீதா போய்க் கதவைத் திறந்துவிட்டாள்.